கட்டிப்போட்ட நாய் நல்ல நாயா?

எங்கட ஜிம்மி முதன்முதலா வீட்டுக்குள்ள வந்தது 2024 நவம்பர் கடைசிக் கிழமை. பெங்கல் புயல் எண்டு யாழ்ப்பாணம் முழுக்கத் தண்ணி நிண்ட அதே கிழமைதான். ஏ.எல். சோதனையை இடையில நிப்பாட்டிப்போட்டாங்கள். தம்பி படிக்கிறதா விடுறதா எண்டு தெரியாமல் போர்வைக்குள்ள கிடந்தான். கோண்டாவிலில எங்கட வளவு கொஞ்சம் பள்ளம். ஜிம்மியின்ர கொட்டில் அந்தப் பள்ளத்திலதான், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில. காலமை கதவைத் திறந்து பாத்தால் அவன் கொட்டிலுக்கு மேல ஏறி, சங்கிலி எட்டின மட்டுக்கு வந்து எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். குரைக்கவும் இல்லை.

(எங்கட ஒழுங்கையில மட்டும் மூண்டு ஜிம்மி இருக்கு. நான் சொல்லுறது மண்ணிறமா, ஒரு காது மடிஞ்ச ஜிம்மி. ஏழு வயசு.)

அம்மா உள்ளுக்கு விடச் சம்மதிச்சா. ஆனால் ஒரு நிபந்தனை. "கட்டை மட்டும் கழட்டக்கூடாது பிள்ளை. சாமியறைப் பக்கம் போச்செண்டால் பிறகு வீடு முழுக்கக் கழுவுறது ஆர்?" இரும்புச் சங்கிலி ரைல்ஸைக் கீறும் எண்டு அப்பா ஒரு நைலோன் கயிறு எடுத்து, கழுத்துப்பட்டியில கொழுவி, மற்ற நுனியைச் சாப்பாட்டு மேசைக் காலில கட்டிவிட்டார். ஒரு ஏழடிக் கயிறு இருக்கும். அந்த ஏழடிக்குள்ள மூண்டு நாள் நான் பாத்ததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாய் வளர்க்கிற ஆக்களும், வளர்க்கிற ஆக்களைப் பாத்துச் சிரிக்கிற ஆக்களும் கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

முதல் நாள் அவன் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல இருக்கவேயில்லை. நிண்டான். ரைல்ஸில நகம் வழுக்கும் எண்டு நாலு காலையும் அகட்டி வைச்சு, வாலை உள்ளுக்கு இடுக்கி, காதைப் பின்னுக்குச் சாய்ச்சு, மேசைக்குப் பக்கத்தில இன்னொரு கதிரை மாதிரி நிண்டான். இடைக்கிடை சொண்டை நக்கினான். நித்திரை வராமலே கொட்டாவி விட்டான். நான் கிட்டப் போனால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். அம்மா குசினி வாசலில நிண்டு பாத்திட்டுச் சொன்னா: "பாத்தியே, எவ்வளவு நல்ல பிள்ளையா நிக்குது. நான் நினைச்சன் வீட்டைத் தலைகீழாக்கும் எண்டு."

எனக்கும் முதலில அப்பிடித்தான் தெரிஞ்சது. பிறகுதான் யோசிச்சன், நல்ல பிள்ளையா நிக்கிற நாய் ஏன் சொண்டை நக்குது எண்டு. பசியில்லாமல் சொண்டு நக்கிறது, களைப்பில்லாமல் கொட்டாவி விடுறது, கண்ணைச் சந்திக்காமல் முகத்தைத் திருப்புறது எல்லாம் நாய்க்குப் பதகளிப்பு வந்திருக்கு எண்டு காட்டுற அடையாளங்கள். நாய்களைப் பற்றித் தெரிஞ்ச ஆரும் முதலில பாக்கச் சொல்லுறது இதுகளைத்தான். நாங்கள் வாலை மட்டும் பாத்துப் பழகின ஆக்கள். வால் ஆடினால் சந்தோசம், பல்லைக் காட்டினால் கோவம். இடையில இருக்கிற முழு மொழியும் எங்களுக்குத் தெரியாது.

பின்னேரம் அவன் நடக்கத் தொடங்கினான். மேசையைச் சுத்தி ஒரே பக்கமா. சுத்தச் சுத்தக் கயிறு மேசைக் காலில சுருண்டு, கடைசியில மூக்கு மேசைக் காலோட ஒட்டின மாதிரி நிண்டிட்டான். வந்த வழியால திரும்பிச் சுத்தினால் கயிறு அவிழும் எண்டது ஒரு நாய்க்குத் தானா விளங்காது. இழுத்துப் பாத்தான், வரயில்லை, விட்டிட்டான். நான் போய் அவிக்கும் மட்டும் அப்பிடியே நிண்டான்.

இரண்டாம் நாள்தான் என்னைக் குழப்பினது. நிலம் துடைக்கிறதுக்காகக் கயிற்றை மேசைக் காலில இருந்து அவிட்டன். கழுத்துப்பட்டியில கொழுவினபடியே நுனியை நிலத்தில போட்டிட்டுக் குசினிக்குப் போனன். திரும்பி வர ஒரு கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். வாசல் திறந்து கிடக்கு, அறைக் கதவுகள் திறந்து கிடக்கு, அவனை ஆரும் பிடிக்கேல்லை. ஆனால் அவன் அதே ஏழடி வட்டத்துக்குள்ளதான் நிக்கிறான். தண்ணிச் சட்டி வட்டத்துக்கு வெளியில ஒரு மூண்டடி தள்ளி இருக்கு. அதைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான். "வா" எண்டு கூப்பிட்டன். இரண்டு அடி வைச்சான். பின்னங்கால் தன்ர கயிற்றையே மிதிச்சிட்டுது. கழுத்தில ஒரு சின்ன இழுவை. அவ்வளவுதான், நிண்டிட்டான். மற்ற நுனியை ஆரோ பிடிச்சிருக்கினம் எண்ட மாதிரி. தன்ர காலாலயே தன்னைக் கட்டிப்போட்டு நிண்ட அந்த நாயைப் பாக்கச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் ஏலாமல் இருந்தது.

மூண்டாம் நாள் கயிற்றை முழுக்கக் கழட்டினன். ஒரு நிமிசம் ஒண்டும் நடக்கேல்லை. பிறகு நனைஞ்ச நாய் உதறுற மாதிரி காய்ஞ்ச உடம்பைத் தலையில இருந்து வால் மட்டும் உதறினான். உதறிப்போட்டு ஓடினான் பாருங்கோ. ஹோலை இரண்டு சுத்து, வழுக்கிக் கதிரையில ஒரு இடி, தம்பியின்ர கட்டிலுக்கு மேல ஒரு பாய்ச்சல், பிறகு கட்டிலுக்குக் கீழ. அம்மா கத்தின கத்தல் ஒழுங்கை முடக்கு மட்டும் கேட்டிருக்கும். "இதுக்குத்தான் சொன்னனான். கட்டாட்டில் இப்பிடித்தான்!"

இந்த இடத்திலதான் நான் அம்மாவோட உடன்படேல்லை. இப்பவும் உடன்படேல்லை. அம்மாவின்ர கணக்கு இது: கட்டினால் அமைதி, அவிட்டால் அட்டகாசம், ஆகவே கட்டுத்தான் நாயை நல்லதாக்குது. என்ர கணக்கு வேற. கட்டினபோது நிண்டதும் அவிட்டபோது ஓடினதும் ஒரே விசயத்தின்ர இரண்டு பக்கம். வீட்டுக்குள்ள எப்பிடி இருக்கிறது எண்டு அவனுக்கு ஆரும் பழக்கேல்லை. கயிறு அதைப் பழக்காது. அது உடம்பை ஒரு இடத்தில நிப்பாட்டி வைக்கும், அதுக்கு மேல ஒண்டுமில்லை. ஏழு நாள் கட்டி வைச்சாலும் எட்டாம் நாள் அவிட்டால் அதே ஓட்டம்தான்.

உளவியல் ஒரு பாடமா எடுத்தவைக்கு இதுக்குள்ள ஒரு பழைய பரிசோதனை ஞாபகம் வரும். 1967இல அமெரிக்காவில பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் எண்ட இரண்டு பேர் செய்தது. நாய்களைத் தொட்டில் மாதிரி ஒரு துணியில அசைய விடாமல் கட்டி மின்னதிர்ச்சி குடுத்தவை. ஒரு கூட்டம் நாய்கள் தலையால ஒரு பலகையை அமத்தினால் அதிர்ச்சி நிக்கும். இன்னொரு கூட்டத்துக்கு என்ன செய்தாலும் நிக்காது. பிறகு எல்லா நாயையும் நடுவில ஒரு தாழ்ந்த தடுப்பு வைச்ச பெட்டிக்குள்ள விட்டிருக்கினம். தடுப்பைப் பாய்ஞ்சு மற்றப் பக்கம் போனால் தப்பலாம். முதல் கூட்டம் பாய்ஞ்சுது. இரண்டாம் கூட்டத்தில பெரும்பாலான நாய்கள் பாயாமல், அப்பிடியே படுத்து முனகிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கினது. "கற்றுக்கொண்ட இயலாமை" எண்டு நாங்கள் பாடமாக்கி எழுதுறது அங்கயிருந்து வந்ததுதான். சோதனையில எழுதேக்க மனுசரின்ர மனச்சோர்வைப் பற்றி எழுதுவம். அந்த நாய்களைப் பற்றி ஒரு வரி எழுதினதா எனக்கு ஞாபகமில்லை. இண்டைக்கு அப்பிடி ஒரு பரிசோதனையை நினைச்சும் பாக்க ஏலாது. அது வேற கதை.

எனக்கு இதில முக்கியமாப் பட்டது அதுக்கு அடுத்த வருசம் வந்த சின்னக் கட்டுரை. படுத்துக் கிடந்த அந்த நாய்களை எப்பிடி மாத்தினவை தெரியுமோ? தடுப்பைக் கழட்டிப் பாத்தினம், மற்றப் பக்கத்தில இருந்து கூப்பிட்டுப் பாத்தினம், சாப்பாடு போட்டுப் பாத்தினம், சரிவரயில்லை. கடைசியில கழுத்தில ஒரு நீளக் கயிறு கட்டி, இஞ்சயிருந்து அங்க, அங்கயிருந்து இஞ்ச எண்டு இழுத்தினம். ஒருக்கா இரண்டுதரம் இல்லை, கனதரம். முதலில முழுப் பலத்தோட இழுக்க வேண்டியிருந்தது. போகப் போக இழுவை குறைஞ்சுது. கடைசியில இழுக்காமலே நாய் தானாப் போச்சுது. கயிறு வேலையை முடிச்சிட்டுது, இனித் தேவையில்லை.

2016இல, கிட்டத்தட்ட ஐம்பது வருசத்துக்குப் பிறகு, அதே இரண்டு பேரும் தாங்கள் அண்டைக்குச் சொன்னதைத் தலைகீழா மாத்தி எழுதிச்சினம். இயலாமையை அந்த நாய்கள் கற்றுக்கொள்ளவில்லையாம். நீண்ட துன்பத்துக்கு முன்னால ஒடுங்கி நிக்கிறது உடம்பின்ர இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது மற்றது: என்ர செயலால ஏதும் மாறும் எண்டதை. இதை நான் வாசிச்சது புயலுக்கு முதல், ஒரு ஒப்படைக்காக. விளங்கினது ஜிம்மி தன்ர கயிற்றையே மிதிச்சு நிண்ட அண்டைக்குத்தான். ஜிம்மிக்கு ஆரும் மின்னதிர்ச்சி குடுக்கேல்லை, சாப்பாட்டு மேசைக் கால் ஒரு ஆய்வுகூடமும் இல்லை. ஆனால் ஏழு வருசம் சங்கிலியில இருந்த நாய்க்கு, இரண்டடி நடந்தால் தண்ணி குடிக்கலாம் எண்டதை ஆரோ காட்டித்தான் குடுக்க வேணும்.

இதை வாசிக்கிற சில பேர் இப்ப நான் நாயைச் சாட்டி வேற ஏதோ கதைக்கிறன் எண்டு நினைப்பினம். நல்ல பிள்ளை, கட்டு, வட்டம் எண்டு சொற்கள் வந்தால் எங்கட வாசகருக்கு உடன உருவகம் பிடிபட்டிடும். இல்லை. நான் நாயைப் பற்றித்தான் எழுதுறன். நாய்க்கு ஒரு கட்டுரை முழுக்கக் கிடைக்கிறதே அருமை, அதையும் நாங்கள் பறிக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ள கயிறே கூடாது எண்டு நான் சொல்லேல்லை. யூரியூப்பில நாய் பழக்கிற ஆக்கள் சில பேர் குட்டிக்கு வீட்டுக்குள்ளயும் ஒரு மெல்லிய கயிறு போட்டு, நுனியைப் பிடிக்காமல் இழுபட விடுவினம். காரணம் சரியானது. குட்டி செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால், கழுத்தைப் பாய்ஞ்சு பிடிக்கத் தேவையில்லை, கயிற்றை மெல்ல மிதிச்சால் காணும். கழுத்துக்கு நேர கை வந்தால் பயந்து கடிக்கிற நாய்க்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தக் கயிறு பிடி வளையம் இல்லாத, எங்கயும் கொழுவுப்படாத கயிறு. ஆக்கள் பாத்துக்கொண்டு இருக்கேக்க மட்டும் போடுறது. ஆளில்லாத வீட்டில கயிறோட விட்ட நாய், கட்டில் காலிலயோ கதவு இடுக்கிலயோ சிக்கினால் கழுத்து நெரிபட்டுச் செத்தும் போகும். எங்கட வீட்டில நாங்கள் செய்தது இது இரண்டும் இல்லை. கயிற்றைக் கட்டிப்போட்டு ஆக்கள் ரிவி பாக்கப் போனம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. வெள்ளவத்தையில என்ர சிநேகிதி ஒருத்தியின்ர பிளாட்டில ஒரு பொமரேனியன். அவையின்ர வீட்டில வாரைக் கழட்டுறதேயில்லை. "திருப்பித் திருப்பிப் போடுறது கரைச்சலடி" எண்டு சொல்லுவாள். அந்த நாய் நாள் முழுக்க வாசல் கதவுக்குப் பக்கத்தில நிக்கும். ஏனெண்டு யோசிச்சுப் பாருங்கோ. நாய்க்கு வார் எண்டால் ஒரு செய்தி: வெளிய போகப் போறம். ஆணியில இருந்து அதை எடுக்கிற சத்தத்துக்கே துள்ளுற நாய்களைக் கண்டிருப்பியள். பவ்லோவின்ர மணிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இருபத்துநாலு மணித்தியாலமும் கழுத்தில மணி அடிச்சுக்கொண்டே இருந்து, சாப்பாடு மட்டும் வராமல் இருந்தால்? ஒண்டில் அந்தரப்பட்டுக்கொண்டே இருக்கும், இல்லாட்டில் மணியில நம்பிக்கை விட்டிடும். சிநேகிதியின்ர நாய் இப்ப வெளிய கூட்டிக்கொண்டு போனாலும் பெரிசாத் துள்ளுறதில்லையாம். வயசு போகுது எண்டு சொல்லுறாள். நாலு வயசு நாய்க்கு என்ன வயசு.

குரைக்கிறதைப் பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். கயிறோட நிண்ட அந்த மூண்டு நாளில பக்கத்து வீட்டு மாமா வெள்ளம் பாக்க வந்தவர். ஏழு வருசமாத் தெரிஞ்ச மனுசன். ஜிம்மி கயிறு இறுகி நிக்கும் மட்டும் பாய்ஞ்சு குரைச்சான். "நன்றி கெட்ட நாய்" எண்டார் மாமா, பாதி பகிடியா. ஆனால் மனுசர் கிட்ட வரேக்க நாய்க்கு இரண்டு வழி இருக்கு, விலகிப் போறது அல்லது எதிர்த்து நிக்கிறது. கயிறு முதல் வழியை வெட்டிப்போடும். மிச்சம் ஒண்டுதான். படலையடியில கட்டின நாய்தான் ஊரில ஆகலும் பொல்லாத நாய் எண்டதும் இதாலதான். நாங்கள் அதை வீரம் எண்டு நினைச்சு இன்னும் கட்டையாக் கட்டுறம். கட்டையாக் கட்டக் கட்டக் கூடக் குரைக்கும்.

அம்மம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில இருந்தவ. நாயைப் பற்றி அவ ஒரு நாளும் கதைக்கிறதில்லை. மூண்டாம் நாள் இரவு, கட்டில் களேபரம் எல்லாம் முடிஞ்ச பிறகு, தானாச் சொன்னா. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த அண்டைக்கு, அவையிட்டையும் ஒரு நாய் இருந்தது. சைக்கிளில கொழுவின இரண்டு பையோட படலையால வெளிக்கிட்ட பிறகு, திரும்பி ஓடிப்போய்ச் சங்கிலியைக் கழட்டி விட்டிட்டு வந்தவவாம். "கழட்டினாப் பிறகும் அது பின்னால வரயில்லையடி. கொட்டிலடியிலயே நிண்டது. நான் கூப்பிட்டனான். சனம் தள்ளிக்கொண்டு போகுது, எவ்வளவெண்டு கூப்பிடுறது." அடுத்த வருசம் திரும்பி வரேக்க சங்கிலி மரத்தடியில கிடந்ததாம், நாய் இல்லை. அவ்வளவுதான் சொன்னா. அம்மாவுக்கு அப்ப பத்து வயசு. அம்மாவுக்கு அந்த நாயின்ர பேர் ஞாபகம் இருந்தது, அம்மம்மாவுக்கு இல்லை.

நான் அந்தக் கதையை ஒரு ஆதாரமா வைக்கேல்லை. வெடிச்சத்தத்துக்குள்ள ஒரு நாய் ஏன் நிண்டது எண்டு ஆருக்குத் தெரியும். ஆனால் அண்டைக்குப் பிறகு அம்மா "கட்டாட்டில் இப்பிடித்தான்" எண்டு சொல்லுறதை விட்டிட்டா.

சட்டம் இதுக்கு உதவுமா எண்டு கேட்டால் சிரிப்புத்தான் வரும். மிருகவதையைத் தடுக்கிற எங்கட கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டையது. அதில போட்ட உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். நூறு வருசம் தாண்டியும் அந்தத் தொகை அப்பிடியே கிடந்தது. ஜெர்மனியில 2022இல இருந்து நாயைக் கட்டி வளர்க்கிறதே பொதுவாத் தடை, சில வேலை நாய்களுக்கு மட்டும் விலக்கு. அங்க இருக்கிற சொந்தக்காரர் இஞ்ச வந்தால் ஜிம்மியைப் பாத்து "பாவம்" எண்டுதான் சொல்லுவினம். சொல்லிப்போட்டுப் போவினம். அவைக்கு எங்கட மதிலும் தெரியாது, றோட்டில வாகனம் வாற வேகமும் தெரியாது. அவிட்டுவிட்ட நாய் றோட்டில அடிபட்டுக் கிடக்கிறதைக் கண்ட ஆக்களுக்குக் கட்டு எண்டது கொடுமை மட்டும் இல்லை, பாதுகாப்பும்தான். அப்பா சொல்லுறதும் அதுதான், அதை நான் மறுக்கேல்லை. நான் கேக்கிறது, றோட்டுக்குச் சரியான நியாயத்தை ஏன் ஹோலுக்குள்ளயும் கொண்டு வாறம் எண்டதை. கதவைப் பூட்டின வீட்டுக்குள்ள எந்த வாகனம் வருது?

தண்ணி வத்தின பிறகும் நான் அவனை ஒவ்வொரு பின்னேரமும் ஒரு அரை மணித்தியாலம் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தன். நைலோன் கயிற்றின்ர நுனி என்ர கையில, தொய்ஞ்சபடி. இழுக்கேல்லை. மற்றக் கையில அவிச்ச முட்டைத் துண்டு. மேசையைத் தாண்டி, பழைய வட்டத்தைத் தாண்டி, அறை வாசல் மட்டும் நடந்தம். முதல் நாள் வட்டம் முடியிற இடத்தில நிண்டிட்டான். நானும் நிண்டன். ஒரு ஐஞ்சு நிமிசம் இரண்டு பேரும் ஒருதரை ஒருதர் பாத்துக்கொண்டு நிண்டம். தம்பி சோதனைக்குத் திரும்பப் போகத் தொடங்கின கிழமைதான் அவன் தானா அந்த இடத்தைத் தாண்டினான். அதுக்குப் பிறகு கயிற்றை நிலத்தில விட்டன். பிறகு அரை முழமா வெட்டிவிட்டன். தைப்பொங்கலுக்கு முதல் கழட்டிப்போட்டன். சாமியறை வாசலில ஒரு சாக்கு விரிச்சு, அதில படுத்தால் முட்டை, தாண்டினால் ஒண்டுமில்லை எண்டு பழக்கினது தம்பி. சோதனை முடிஞ்சு வேற வேலை இல்லாதபடியால் என்னைவிட அவனுக்குப் பொறுமை கூட.

இப்ப பின்னேரத்தில ஜிம்மி சாக்கில படுத்திருப்பான். அம்மா விளக்கு ஏத்தேக்க ஒருக்கால் கண்ணைத் திறந்து பாத்திட்டு மூடுவான். சொண்டு நக்கிறதில்லை. இடைக்கிடை எழும்பி ஹோலுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வேற இடத்தில படுப்பான். எங்க படுக்கிறது எண்டதை அவன்தான் தீர்மானிக்கிறான்.

பகலில இன்னும் வெளிய சங்கிலிதான். படலையின்ர கீழ்ப் பலகை உக்கிப்போய் ஒரு நாய் நுழையிற அளவுக்கு ஓட்டை. அதை மாத்தினால் வளவுக்குள்ள அவிட்டுவிடலாம் எண்டு அப்பா ஒத்துக்கொண்டிட்டார். தச்சுவேலை செய்யிற அண்ணை வந்து அளந்துகொண்டு போய் இரண்டு மாசம். நாளைக்கு கம்பஸ் முடிஞ்சு வாற வழியில திரும்பவும் அவரிட்டப் போகப் போறன்.